கம்பத்தின் தப்பும் என் தப்பும்

அண்ணா,

இன்று எனக்கு ஓய்வு நாள். பதினொரு மணி இருக்கும். ராயபுரம் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து காற்று மேற்கே மணலிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. எண்ணெய் ஆலையின் அழுகிய முட்டை வாடை லேசாக அதில் இருந்தது. கடைசிப் புடவையை விரிக்கும் நேரத்தில் அது நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கொடியில் எதுவுமே அசையவில்லை. பிறகு புடவை மறுபக்கம் புரண்டு என் முகத்தில் அடித்தது, கூடவே காசிமேட்டு மீன் வாடையும் வந்தது. கடல் காற்று எழும்பிவிட்டது.

“நம்ம ஊர்ல காத்து எங்கேந்து வருதுன்னு பாக்கறதுக்குக் கம்பம் இன்னாத்துக்கு? மூஞ்சில மூக்கு கீதில்ல?”

நீங்கள் சொன்னதுதான். ஈரக் கையோடு அங்கேயே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உங்களுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமே இல்லை. எல்லாம் போனில்தான். “இன்னா ராயபுரம், இப்போ எந்த ஊருக்கு மேல கீற?” என்று ஆரம்பிப்பீர்கள். நான் படுக்கையில் இருந்தாலும் அதே கேள்விதான். அந்தக் கேள்வி வராத இந்தப் பதினொரு மாதத்தில், உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டது தினம் ஒருமுறையாவது உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் சந்தித்த அந்தப் பயிற்சிப் பள்ளியை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது வெக்கைதான். தெற்கே ஒரு வறண்ட ஊர். ஒரே ஓடுபாதை. நாலு சின்ன விமானங்கள் நிற்கும் தகரக் கொட்டகை. வானொலி வைத்த ஓர் அறை. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய அந்த விமானங்களைப் பார்த்து என் அம்மா, “இது இன்னாடி, ஆட்டோவுக்கு ரெக்க வெச்சா மாதிரி கீது” என்றாள். எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரின் மகள். மற்ற மாணவர்கள் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். “சினிமா ரவுடி மாதிரிப் பேசுறியே” என்று ஒருவன் முதல் நாளே சொன்னான். இரண்டு வாரத்தில் என் பேச்சை நறுக்கிச் சீவி, யாருடையதோ போல ஆக்கிக்கொண்டேன்.

ஆனால் அம்மாவிடம் போனில் அப்படிப் பேச முடியுமா? ஒரு மதியம் கொட்டகை நிழலில் நின்று, “துன்னுகினுதான் கீறேம்மா, அப்பால பேசறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பக்கத்தில் நின்ற விமானத்தின் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எந்த ஏரியாம்மா நீ?”

“ராயபுரம்.”

“அட! நான் திருவொத்தியூரு.”

முகமெல்லாம் எண்ணெயோடு வெளியே ஊர்ந்து வந்தீர்கள். விமானங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். அன்றிலிருந்து என் பெயரை நீங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ராயபுரம்தான். உங்களோடு பேசும்போது மட்டும் என் நாக்கு பழையபடி ஆகிவிடும். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அது.

நீங்கள் ஒன்றும் எல்லாருக்கும் பிடித்த மனிதர் இல்லை. சண்டைக்காரர். சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பாருக்குச் சண்டை, கொட்டகையில் ஸ்பேனர் காணவில்லை என்று சண்டை. பழுதுகளை எழுதும் பதிவேட்டில் மற்றவர்கள் ஒரு வரி எழுதும் இடத்தில் நீங்கள் கோழிக் கிறுக்கல் எழுத்தில் அரைப் பக்கம் எழுதுவீர்கள். “படிக்கறவன் படிக்கட்டும். நான் எய்தறத எய்திட்டேன்” என்பீர்கள்.

ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தைப் பற்றியும் அப்படித்தான் மூன்று முறை எழுதியிருந்தீர்கள். அந்தக் கம்பத்தின் உச்சியில் இரும்புக் கூட்டில் மாட்டிய ஒரு துணிப்பை இருக்கும். வாய் அகன்று வால் குறுகிய பை. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது சுழன்று திசை காட்ட வேண்டும். எங்கள் பள்ளியில் அதைப் பார்த்துத்தான் வானொலி அறையிலிருந்து மேலே இருப்பவர்களுக்குக் காற்றைச் சொல்வார்கள். கூடு சுழலும் இடம் துருப்பிடித்திருந்தது. சில நாள் திரும்பும். சில நாள் நேற்றுப் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும். புதிதாக மாற்றச் சொல்லி நீங்கள் எழுதிய மூன்று குறிப்புகளையும் யாரோ பார்த்து, ஓரத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். மாற்றவில்லை.

அன்று நான் தனியாகப் பறந்தது எட்டாவது முறை. காலையில் நாலு பேர் சிக்கலில்லாமல் இறங்கியிருந்தார்கள். நான் திரும்பி வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. “காற்று நேர் எதிரே, மிதமாக இருக்கிறது, இறங்கலாம்” என்று வானொலி சொன்னது. எதிர்க்காற்று நல்லது. விமானத்தைப் பிடித்து மெதுவாக இறக்கிவிடும். ஆனால் ஓடுபாதையை நோக்கி வரும்போதே என் விமானம் வலப்பக்கம் நழுவியது. திருத்தினேன். மறுபடி நழுவியது. கீழே செம்மண் தூசி இடமிருந்து வலமாக ஓடுபாதையைக் குறுக்கே கடந்து போனது. பார்த்தேன் அண்ணா. நன்றாகவே பார்த்தேன்.

விசையைக் கூட்டி மேலே ஏறிப் போயிருக்கலாம். சுற்றி வந்து மறுபடி பார்த்திருக்கலாம். அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் கொட்டகை வாசலில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைச் சினிமா ரவுடி என்றவனும் அதில் இருந்தான். பயந்துபோய் ஏறிவிட்டாள் என்று சிரிப்பார்களே என்று நினைத்தேன். காற்று நேரே வருகிறது என்று வானொலியும்தான் சொல்கிறதே என்று சமாதானமும் செய்துகொண்டேன். இறக்கினேன்.

சக்கரம் தரையைத் தொட்ட அதே கணத்தில் இடப்பக்கமிருந்து ஒரு பெருங்காற்று வந்தது. இடது இறக்கை மேலே தூக்கிக்கொண்டது. வலது இறக்கையின் நுனி தாரில் உரசிய சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகி மண்ணுக்குள் பாய்ந்தது. முன்சக்கரம் மடிந்தது. மூக்கிலிருந்த விசிறி தரையைக் கொத்திக்கொண்டு நின்றது. முகவாய் எதிலோ மோதியது. பிறகு ஒரே அமைதி. பெட்ரோல் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

என் கைக்குக் கதவின் கைப்பிடி அகப்படவில்லை. தினம் திறந்து மூடிய கதவுதான். எங்கே என்று தெரியவில்லை. அப்போது நீங்கள் ஓடி வந்தீர்கள். கொட்டகையிலிருந்து அவ்வளவு தூரத்தையும் தீயணைப்பு உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தீர்கள் என்று பிறகு சொன்னார்கள். வளைந்திருந்த கதவை வெளியிலிருந்து காலை ஊன்றி இழுத்துத் திறந்தீர்கள். தலையை உள்ளே விட்டீர்கள். என்னைப் பார்க்கவில்லை. என் மடிமேல் கையை நீட்டி எரிபொருள் குழாயின் பிடியைத் திருப்பி மூடினீர்கள், மின் இணைப்பை அணைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்.

“இன்னா ராயபுரம், கீறியா?”

“கீறேண்ணா.”

பெல்ட்டை அவிழ்த்து, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, மண்ணில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வெகுதூரத்தில் உட்கார வைத்தீர்கள். முகவாயிலிருந்து ரத்தம் வழிந்தது. உங்கள் சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்தீர்கள். சட்டையில் கிரீஸ் வாடை. எனக்கு ஏனோ கோபம்தான் முதலில் வந்தது.

“என்னியப் பாக்காம எதையெதையோ திருகினு கீறீங்க?”

“உன்ன அப்பால பாத்துக்கலாம். நெருப்பு அப்பால பாத்துக்கலாம்னு சொன்னா கேக்குமா?”

முகவாயில் நாலு தையல் போட்டார்கள். தோள் ஒரு வாரம் நீலமாக இருந்தது. அவ்வளவுதான். விமானம் கொட்டகையின் மூலையில் ஒடிந்த மூக்கோடு தார்ப்பாய் போர்த்தி நின்றது.

மறுநாள் பயிற்சிப் பள்ளியின் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். “விசாரணைக்கு அதிகாரி வருவார். ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுங்க. கவனக்குறைவு, சொன்ன அறிவுரையை மீறி இறங்கிட்டேன்னு. கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம், அப்புறம் பறக்கலாம். காத்து, கம்பம்னு இழுத்தீங்கன்னா பள்ளிக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். இங்க தொடர முடியுமான்னே சொல்ல முடியாது” என்றார். வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நாளைக்குத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். கையெழுத்துப் போடுவது என்று நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். எங்கள் தெருவே என்னைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது. பாதியில் திரும்பிப் போய் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் உங்களைப் பார்த்தேன். தாளைக் காட்டினேன். தலைவர் சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. “என் மேல தப்பே இல்லண்ணா. கம்பம் மாட்டிகினு இருந்துச்சு. அத்தப் பாத்து தப்பா சொன்னாங்க. நான் இன்னா பண்ணுவேன்?” என்றேன்.

ஆமாம் என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

“கம்பம் பொய் சொல்லிச்சு. செரி. தூசி குறுக்கால போச்சே, அதுவுமா பொய் சொல்லிச்சு?”

நான் தாளின் ஓரத்தை மடித்தேன்.

“நான் இங்கேந்தே பாத்தேன் ராயபுரம். உன் கண்ணுக்குத் தெரிஞ்சிதா இல்லியா?”

“தெரிஞ்சிது.”

“மேல ஏறியிருக்கலாமா?”

“ஏறியிருக்கலாம்.”

“அப்போ அத்த எய்து. அவங்க எய்தச் சொன்னது வோணாம். உன் தப்பு எம்மாந்தூரமோ அம்மாந்தூரம் எய்து. ஒரு சாண் கொறைக்காத, ஒரு சாண் கூட்டாத. கம்பத்தோட தப்ப நான் எய்தறேன்.”

“உங்க வேலைக்கு ஏதாவது ஆயிட்டா?”

“என் வேலய நான் பாத்துக்கறேன். நீ எய்து.”

அண்ணா, அந்த நேரத்தில் எனக்கு உங்கள் மேல் நன்றி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எல்லாப் பழியையும் ஏற்றுக்கொண்டால் பறக்கலாம். எல்லாவற்றையும் கம்பத்தின் மேல் போட்டால் மனமாவது லேசாகும். நீங்கள் இரண்டையும் செய்ய விடவில்லை. அறைக்குப் போய் அந்த வெள்ளைத் தாளில் எழுதினேன். தூசியைப் பார்த்தேன், விமானம் நழுவியதை உணர்ந்தேன், பயந்தவள் என்று நினைப்பார்களே என்று மேலே ஏறாமல் இறங்கினேன் என்று எழுதினேன். காற்று நேர் எதிரே என்று எனக்குச் சொல்லப்பட்டதையும் எழுதினேன். பயந்தவள் என்ற சொல்லை மூன்று முறை அடித்துவிட்டு நாலாவது முறை எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து அதிகாரி வந்தார். என் தாளைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய் அரை மணி நேரம் இருந்தீர்கள். வெளியே வந்ததும் அவர் உங்களோடு வெயிலில் கம்பம் வரை நடந்தார். நீங்கள் அதை ஆட்டிக் காட்டியதையும், துணிப்பை திரும்பாமல் அப்படியே நின்றதையும் நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

தப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது என்று முடிவானது. என்னை இரண்டு மாதம் நிறுத்தி, பக்கக் காற்றில் இறங்குவதை மட்டும் தனியாகப் பயிற்சி கொடுத்துவிட்டுப் பிறகு பறக்கவிடச் சொன்னார்கள். புதுக் கம்பம் அந்த மாதமே வந்தது. தலைவர் என்னிடம் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. ஆனால் வெளியே அனுப்பவும் இல்லை.

நான் மறுபடி பறக்கத் தொடங்கிய வாரம் நீங்கள் தகரப் பெட்டியோடு வாசலில் நின்றீர்கள். “நம்ம ஊராண்ட ஒரு கன்டெய்னர் யார்டுல வேல கெடச்சிருச்சு. அம்மாவுக்கும் முடியல. கெளம்பறேன்” என்றீர்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. திருவொற்றியூருக்குப் போகிறீர்கள். ஊர்க் காற்று, ஊர்ப் பேச்சு. பேருந்து நிறுத்தம் வரை வந்து சிரித்துக்கொண்டே கையாட்டினேன். எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்!

உரிமம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து, பெரிய விமானங்களில் துணை விமானியாக உட்கார்ந்து நாலு வருடம் ஓடிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். அண்ணி நண்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். உங்கள் மகள் என் முகவாய்த் தழும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்கும் ராட்சத வண்டிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். விமானத்தைவிட அது கஷ்டம் என்றும், அதற்குத்தான் நிஜமான மூளை வேண்டும் என்றும் அளந்துகொண்டிருந்தீர்கள். அப்போது அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்கள்.

“அந்த ஏரோப்பிளேன் வேலைய வுட்டுத் தொரத்தனாங்களே, ஆறு மாசம் மனுஷன் வூட்ல குந்திகினு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு இருந்தாரு. இந்த வண்டிங்க வந்துதான் மறுபடி ஆளானாரு.”

என் கை சோற்றில் அப்படியே நின்றது. நீங்கள் அண்ணியை முறைத்தீர்கள்.

“தொரத்தனாங்களா?” என்று உங்களைக் கேட்டேன். “வேல கெடச்சிருச்சுன்னு சொன்னீங்க?”

“அது... அந்த ஊரு சோறே எனக்கு ஒத்துக்கல. எப்டியும் வந்திருப்பேன்.”

“டபாய்க்காதீங்கண்ணா. என்னாலதானே?”

“உன்னால இல்ல. கம்பத்தால. துன்னு.”

“ஏன் எனக்குச் சொல்லல?”

கொஞ்ச நேரம் நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு நிமிராமலேயே சொன்னீர்கள்.

“சொன்னா இன்னா ஆவும்? ஒவ்வொரு தபாவும் எறங்கறப்ப என்னிய நெனச்சிகினு எறங்குவ. எறங்கறப்ப காத்தத்தான் நெனைக்கணும் ராயபுரம். ஆள நெனைக்கக் கூடாது.”

அன்று நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். “மோர் ஊத்திக்கோ” என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வந்த பத்து வருடத்திலும் எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் எதையாவது ஊற்றிக்கொள்ளச் சொன்னீர்கள்.

நீங்கள் படுத்த செய்தி வந்தபோது நான் வடக்கே ஏதோ ஓர் ஊரில் விடுதி அறையில் இருந்தேன். யார்டில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சு வலி வந்து உட்கார்ந்துவிட்டீர்களாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்களாம். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் வீட்டு வாசலில் பந்தல் துணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். யார்டு ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் இன்னும் போகாமல் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து, “நீங்கதானா அந்த ராயபுரம்?” என்று கேட்டார். “டெய்லி ஒங்களப் பத்திப் பேசுவாரும்மா. மேல பிளேன் போனா போதும், நம்ம பொண்ணு போவுதுன்னு கை காட்டுவாரு. எந்த பிளேனா இருந்தாலும்.” அங்கேயே உடைந்துபோனேன்.

பதினாறாம் நாள் அண்ணி இரும்பு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார்கள். “இத்த நீயே வெச்சிக்கோ. எனக்கு இன்னா புரியுது?” என்றார்கள். விசாரணைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்ததன் நகல். அதே கோழிக் கிறுக்கல். நான் இத்தனை வருடமும் அதில் கம்பத்தின் தப்பு மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். முதல் வரி இப்படி இருந்தது: “கம்பம் சிக்கிக்கொள்வது எனக்குத் தெரியும். மூன்று முறை எழுதினேன். ஒருமுறை நானே ஏறி எண்ணெய் விட்டிருக்கலாம். விடவில்லை. அது என் தவறு.” அதற்குக் கீழேதான் தேதி வாரியாக மற்றதெல்லாம் இருந்தது.

உறையில் இன்னொரு தாளும் இருந்தது. உங்களை வேலையிலிருந்து நீக்கிய கடிதம். காரணமாக அவர்கள் எடுத்துக் காட்டியிருந்தது உங்கள் முதல் வரியை. தன் கடமையைச் செய்யத் தவறியதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று.

நீங்கள் அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம் அண்ணா. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கம்பத்தில் ஏறுவது உங்கள் வேலையே இல்லை. ஆனால் என்னை ஒரு சாண் குறைக்காமல் எழுதச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் குறைத்து எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. அதை என்னிடம் சொல்லவும் இல்லை. அன்றைக்கு நான் அழுதது துக்கத்தால் மட்டும் இல்லை. இப்படி ஒரு மனிதர் எனக்குக் கிடைத்தாரே, என் மடிமேல் கையை நீட்டிக் குழாயை மூடினாரே, என் பக்கத்தில் நின்றாரே என்று நினைத்தும்தான் அழுதேன். நேரில் சொல்ல விடாத நன்றியை அந்த உறையிடம்தான் சொன்னேன். கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. அதனால்தான் இன்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் மகள் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாள். அவளைப் பார்க்க அண்ணி போக வேண்டும் என்றார்கள். நான் தூத்துக்குடிக்கு ஓட்டும் நாளாகப் பார்த்து டிக்கெட் போட்டேன். எழுபது பேர் அமரும் விசிறி விமானம். இப்போது நான் கேப்டன். அண்ணிக்கு இதுதான் முதல் பயணம். ஏறும்போது பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஜன்னல் ஓர இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

தூத்துக்குடியில் ஆடிக் காற்று. ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வரம்புக்குள்தான் இருந்தது. இறங்கத் தொடங்கினோம். தரைக்கு மேலே ஐம்பது அடி இருக்கும்போது காற்று விட்டு விட்டுத் தள்ளியது. விமானம் நடுக்கோட்டை விட்டு நகர்ந்தது. திருத்தினேன். மறுபடி நகர்ந்தது. விசையைக் கூட்டி மேலே ஏறிவிட்டேன். சுற்றி வந்தோம். இரண்டாவது முறை காற்று சற்று அடங்கியிருந்தது. நல்லபடியாக இறங்கினோம்.

பயணிகள் இறங்கும்போது நான் கதவருகே வந்து நின்றேன். சிலர் முறைத்துக்கொண்டு போனார்கள். அண்ணி கடைசியாக வந்தார்கள்.

“இன்னாம்மா, எறங்கறா மாதிரி வந்துட்டுத் திரும்ப மேல ஏறிட்ட? ஏதாச்சும் மறந்துட்டியா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காத்து தள்ளிச்சு அண்ணி. செரியா வரல. அதான் வுட்டுட்டு மறுபடி வந்தேன்.”

“பயந்துட்டியா?”

“கொஞ்சம்.”

“எனக்குப் பின்னாடி குந்தியிருந்த ஆளு திட்டிகினே வந்தான். ஓட்டத் தெரியலன்னு. நான் திரும்பிச் சொன்னேன், அது நம்ம வூட்டுப் பொண்ணு, வெவரம் தெரிஞ்சிதான் ஏத்தியிருக்கும், நீ சும்மா வான்னு.” சொல்லிவிட்டு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். எழுபது பேர் நடந்துபோன படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து, புடவையைக் காற்று இழுக்க, சாய்ந்து சாய்ந்து நடந்து போனார்கள்.

நான் திரும்பி என் இருக்கைக்கு வந்தேன். இறங்காமல் மேலே ஏறினால் அதற்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். பெரும்பாலும் காற்று என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், யாரும் மேலே கேட்பதில்லை. ஆனால் முதல் முறை விமானம் நகர்ந்தபோதே நான் ஏறியிருக்க வேண்டும். இரண்டாவது முறை நகரும் வரை பொறுத்தேன். மூன்று நொடி இருக்கும். அந்த மூன்று நொடியை முதல் வரியில் எழுதினேன். காற்றை இரண்டாவது வரியில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் இருந்த துணை விமானி எட்டிப் பார்த்துவிட்டு, “இதை யார் கேட்டாங்க மேடம்? ஏன் எழுதுறீங்க?” என்றார்.

“எங்க ஊர்ல அப்படித்தான்” என்றேன்.